காடி வந்த அன்று

பூமி அசையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பூகம்பமெல்லாம் வேண்டியதில்லை. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே முற்பகலில் சேர்ந்து வந்தால் போதும், நின்ற இடம் இல்லாமல் போய்விடும். நான் கண்ணால் பார்த்தவள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, தலைப்பிள்ளையைப் பெற்றுக் கைக்குழந்தையோடு இருந்தேன். எங்கள் வீடு கடைசி வரிசையில். பின்சுவரைத் தாண்டினால் சேறு, சேற்றைத் தாண்டினால் கறுப்பாகத் தண்ணீர். கடலிலிருந்து உள்ளே வருகிற உப்பங்கழி அது. சாக்கடைக்குச் சொல்கிற பேரிலேயே நாங்கள் அதையும் நாலா என்போம். தினமும் ஏறும், தினமும் இறங்கும். யார் அதைக் கவனித்தார்கள்?

அந்த வரிசைக்கு நிலம் என்று ஒன்று முதலில் கிடையாது. ஆண்கள் வேலை முடிந்து வந்து கொட்டிக் கொட்டி நிரப்பிய இடம். தோல் கழிவு, செங்கல் துண்டு, அடுப்புச் சாம்பல், தேங்காய்மட்டை, செம்பூர்ப் பக்கம் குன்றை வெட்டிய லாரிக்காரன் கொட்டிவிட்டுப் போன செம்மண். அதை மிதித்துக் கெட்டியாக்கி, மேலே தகரம் போட்டுக் குடியேறினோம். என் வீட்டுக்காரருக்கு அதில் பெருமை தாங்காது. "நம்ம கையால உண்டாக்குன மண்ணு, எவன் கேக்க முடியும்" என்பார்.

கேட்பதற்கு ஆள் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் முனிசிபாலிட்டி லாரி வரும், ஆட்கள் இறங்கித் தகரத்தைப் பிடுங்குவார்கள், எதிர்த்துப் பேசினவர்களை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். லாரிக்கு இந்தியில் காடி. "காடி வருது" என்று தெருமுனையில் குரல் கேட்டாலே பாத்திரம் பண்டங்களை உள்ளே இழுத்துப் போடுவோம். இடிக்கவிடாமல் தடுக்க ஒரு வழியும் வைத்திருந்தோம். உள்ளே பிள்ளைத்தாச்சியோ பச்சைப்பிள்ளைக்காரியோ இருந்தால் இடிக்கத் தயங்குவார்கள். ஆகவே வரிசைக்குக் காவல் நாங்கள் இரண்டு பேர். கைக்குழந்தையோடு நான், பக்கத்து வீட்டில் நிறைமாதமாக இருந்த அக்கா. அவளும் எங்கள் ஊர்ப் பக்கத்தவள்தான். காடி வந்தால் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார வேண்டும். எவர் வந்து வெளியே வா என்று கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. அதுதான் எங்கள் உத்தியோகம்.

அன்று விடிந்ததிலிருந்து மழை ஊற்றியது. ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மீன்காரியின் குரல் கேட்டது. மாஹிம் பக்கத்திலிருந்து கூடை சுமந்து வருகிற மராத்திக்காரி, கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். "காடி ஆலி, பாஹேர் யா, பாஹேர் யா" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். காடி வந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று அர்த்தம்.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஏட்டி, காடி வந்துட்டாம். தாப்பாள் போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா. நீங்க?"

"போட்டாச்சு. இந்த மழையிலயும் வாரானுவ பாரு, கட்டையில போறவனுவ." சொல்லிவிட்டு அவள் சிரித்ததும் கேட்டது.

மீன்காரி என் கதவைத் தட்டினாள், பிறகு குத்தினாள், பிறகு உதைத்தாள். இவளுக்கு என்ன வந்தது, இவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாளா என்று எனக்கு ஆத்திரம். அவள் உதைக்க உதைக்க நான் கதவில் முதுகைச் சாய்த்து அழுத்திப் பிடித்தேன்.

பின்சுவரில் தொம்மென்று ஒரு அடி. பின்னால் வந்து இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குள் காலடியில் பாய் நனைந்தது. கூரை ஒழுகவில்லை, ஈரம் கீழிருந்து வந்தது. மூலையில் இருந்த ஸ்டவ் யாரும் தொடாமலே பின்பக்கமாக நகர்ந்து போய்ச் சாய்ந்தது. தரையில் ஒரு கீறல் விழுந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாயிற்று. அதன் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்கு அடியில், நான் கோலம் போட்ட தரைக்கு அடியில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். லாரி எதுவும் இல்லை. மீன்காரி பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, இன்னொரு கையால் என்னை இழுத்து வெளியே போட்டாள். வீட்டுக்குப் பின்னால் கையை நீட்டி "காடி" என்றாள். சேறு இருந்த இடமெல்லாம் தண்ணீராக இருந்தது. உப்பங்கழிக்கு மராத்தியில் காடி. அதன் முதலெழுத்து மூச்சை அழுத்திச் சொல்கிறது, லாரிக்கு உள்ளது வேறு எழுத்து. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இதோ, எழுதினாலும் ஒன்றாகத்தானே இருக்கிறது.

அக்கா கதவுக்கு ஓடினேன். "யக்கா, முனிசிபாலிட்டி இல்ல, தண்ணி. தண்ணி வந்துட்டு, தொறங்க."

"தாப்பாள் வர மாட்டேங்குட்டி" என்றாள் உள்ளேயிருந்து. வீடு சாய்ந்ததில் கதவு சட்டத்தோடு இறுகிவிட்டது. பிள்ளையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு நானும் மீன்காரியும் இன்னும் இரண்டு பெண்களும் மோதிப் பார்த்தோம். "நெஞ்சு படபடன்னு வருது, சீக்கிரம்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

மண் இடிந்து விழும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விழவில்லை, நகர்ந்தது. வீட்டோடு, வாசலில் இருந்த குடத்தோடு, ஒரு பெரிய துண்டு நிலம் மெதுவாகப் பின்வாங்கி, தண்ணீருக்குள் சரிந்து மூழ்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. எங்களை மீன்காரி பின்னுக்குத் தள்ளியிருக்காவிட்டால் நாங்களும் அதன் மேல் நின்றிருப்போம். கண்ணை மூடித் திறந்தால் எதிரில் தண்ணீர் மட்டும், காலங்காலமாக அங்கேயே இருந்ததுபோல. மேலே ஆற்றிலிருந்து மழைவெள்ளம் இறங்க, கீழேயிருந்து கடல் ஏறி வர, இரண்டும் முட்டிக்கொண்டு கரையை அடியில் குடைந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். மழைக்காலம் முடிந்ததும் எதிர்க்கரையில் புதிதாக ஒரு மண்மேடு தெரிந்தது. எங்கள் செம்மண் அதில் கோடு கோடாகக் கிடந்தது. கொஞ்ச நாளில் அதிலும் புல் முளைத்து, யாரோ தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு அந்த மேட்டைப் பார்க்கவே பிடிக்காது.

அக்கா வீட்டுக்காரர் மாட்டுங்காவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார். ரயில் நின்றுபோய், முட்டளவு தண்ணீரில் நடந்தே மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். என் வீடும் அதற்குள் போயிருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரமும் சுற்றி இருந்தவர்கள் வாயில் அந்த ஒரே சொல்தான், என் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. "அவ எங்க?" என்று கேட்டார்.

"அண்ணே, அக்காவ காடி கொண்டுட்டுப் போயிட்டுண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். மாசமா இருக்கவள அடிச்சிருக்க மாட்டானுவ. எந்த டேசனுக்குக் கொண்டு போனாவ? தாராவியா, மாஹிமா? காலையில சாப்பிட்டாளா அவ?"

கடைக்காரரிடம் ஒரு பன் வாங்கித் தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவர் மழையில் ஸ்டேஷன் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். பிள்ளையை இடுக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அவரை நிறுத்தி, தமிழில் வேறு வார்த்தை தேடி, மறுபடியும் ஒரு தடவை அதைச் சொன்னேன்.