ஓனர் இல்லாத வீட்டில் ஒரு தோழி

"ஓனரே இல்லைன்ற. அப்போ டேங்க் ரொம்பினா மோட்டார எவன் நிறுத்துவான்?"

சித்தப்பா கேட்டது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் வேறு எப்படிக் கேட்பார்?

நாங்கள் மூன்று தோழிகள் சேர்ந்து ஆரம்பித்த வலைப்பூத் தளத்தைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பெரிய கம்பெனித் தளம் என்றால் ஒரே கட்டடம், ஒரே முதலாளி. இது அப்படி இல்லை. ஊருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் யாரோ நாலு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் எழுதுவதை எந்த வீட்டிலிருந்தும் படிக்கலாம். எழுத்து எழுதியவருக்கே சொந்தம். பிடிக்கவில்லையா? எழுதியதை எல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கென்றே 'மூட்டை கட்டு' என்று ஒரு பட்டன் உண்டு. அந்தப் பட்டனைச் செய்தவள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சித்தப்பா மோட்டார் கேள்வியைக் கேட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் தளத்தின் சர்வர் எது தெரியுமா? எங்கள் வீட்டு பீரோ மேல் இருக்கும் பழைய லேப்டாப். நான் வேலை பார்க்கிற நாவலூர் ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்தேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் வயல். காற்று திரும்பினால் அதில் லேசாகக் கடல். அந்தக் காற்றில் பீரோ மேல் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். எங்கேயோ யாரோ எழுதுகிற வரி வயல் தாண்டி, ஏரி தாண்டி வந்து, இந்த பீரோவைத் தொட்டுவிட்டு, கடல் மேல் ஏறிப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். விழித்துக்கொண்டே காண்கிற கனவு.

அப்பா ஒரு ரிசார்ட்டில் புல்வெளிக்குத் தண்ணீர் விடுகிறார். கைநாட்டுதான். வேலையிலிருந்து வந்ததும் பீரோவை அண்ணாந்து பார்த்து, "முழிச்சிகினு கீதா?" என்று அதை விசாரித்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

ஆரம்பத்தில் நிறையப் பேர் வந்தார்கள். ஒன்று எழுதினார்கள். இரண்டு எழுதினார்கள். காணாமல் போனார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. எங்கள் தளத்தில் உங்கள் எழுத்தை ஊர் ஊராகத் தள்ளிவிடுகிற மிஷின் கிடையாது. எழுதினால்... அமைதி. கிணற்றில் கல் போட்டால்கூடச் சத்தம் வருமே?

ஒருத்தி மட்டும் போகவில்லை. சுகந்தி. சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வாசலிலிருந்து கம்பெனி கேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். ரயில் வருகிற வரைக்கும் போனில் எழுதுவாள். ஒரு பதிவுக்கு ஒரு பயணி. தூங்கி விழுந்து பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்த ஒரு பையன், எழுப்பினால் வெட்கப்படுவானே என்று நாலு பேரும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தது... இப்படி. முதல் இரண்டு பதிவுகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் தினமும் கேட்பார்: "அந்த ஆட்டோ பொண்ணு இன்னைக்கு இன்னா எழுதிகீது?"

"அப்புறம் சொல்றேம்பா" என்பேன். எனக்கு வேலை இருந்தது. எழுதுகிறவர்களைத் தங்கவைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்.

ஒரு 'பாட்', அதாவது தானாகவே கமென்ட் போடுகிற புரோகிராம். 'தோழி' என்று பெயர் வைத்தேன், பச்சைத் தாவணியில் ஒரு படமும் வைத்தேன். யார் பதிவு போட்டாலும் அடுத்த நிமிடம் தோழி ஆஜர். "மனதைத் தொட்டது!", "அருமையான பதிவு! இதுபோல் இன்னும் நிறைய எழுதுங்கள்!" மொத்தம் ஏழெட்டு வாக்கியங்கள், மாற்றி மாற்றி வரும். வேலை செய்ததா? பிரமாதமாக. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். நாங்கள் மூவரும் கேக் வெட்டினோம்.

போன மாதம் ஒரு நாள் அப்பா மறுபடி கேட்டார். சரி, இன்றாவது வாசிக்கலாம் என்று சுகந்தியின் பக்கத்தைத் திறந்தேன். காலி. 'இவர் மூட்டை கட்டிவிட்டார்' என்ற ஒரே வரி. நான் எழுதிய வரி அது.

தேடிப் பார்த்ததில், திருநெல்வேலிப் பக்கம் யாரோ நடத்துகிற ஒரு வீட்டுக்குப் போயிருந்தாள். பதிவுகளும் கமென்டுகளும் அவளோடு போயிருந்தன. அங்கே போய்க் கடைசிப் பதிவைப் படித்தேன். அவளுடைய அம்மா இறந்துபோயிருந்தார். மூன்று நாள் வண்டி எடுக்கவில்லை. நாலாம் நாள் துடைக்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகையில் அம்மா உட்கார்ந்த இடத்தில், சீட் இடுக்கில், அம்மாவின் தலைக் கிளிப். எடுக்க மனசு வரவில்லை என்று முடித்திருந்தாள்.

அதன் கீழே எங்கள் தோழி: "அருமையான பதிவு! இதுபோல் இன்னும் நிறைய எழுதுங்கள்!"

டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. நிறுத்த ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் போய் நின்றேன். ஆட்டோ வரிசையில் ஒரே ஒரு பெண். முன்னால் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நான் யார் என்று சொன்னேன். பின்னால் நாலு பேர், ஷிப்டுக்குப் போகிறவர்கள். பனி இன்னும் விலகவில்லை. சாலை பாலில் நனைத்த மாதிரி இருந்தது. அந்தத் தோழியைச் செய்தது நான்தான் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானு போட்ட ஒடனே வந்துருவா அந்தத் தோழி. யாரோ நம்மள மாரி ஒர்த்தி, சீக்கிரம் எயுந்து குந்திகினு கீறான்னு நெனச்சேன். அவளுக்கோசரம்தான் எய்திகினு இருந்தேன்."

கியர் மாற்றினாள்.

"அவ ஆளே இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிது. அம்மாவோட சேத்து ரெண்டு பேரு போய்ட்டாங்க எனக்கு."

பின் சீட்டில் செவி எல்லாம் எங்கள் பக்கம். ஒருவர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்பதை அவரே மறந்துபோய், பிறகு மெதுவாக, "அக்கா, என் ஸ்டாப்பு போயிடுச்சி" என்றார். சுகந்தி வண்டியை நிறுத்தினாள். "பேச்சு கேக்கறதுக்கு குந்திகினு இருந்தல்ல? நட" என்றாள்.

திரும்பி வர முடியுமா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். அங்கே ஒருத்தரும் பேசுவதில்லையாம். அதுவே நிம்மதியாக இருக்கிறதாம்.

கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கியதும் என் பக்கம் திரும்பினாள். "நீ பட்ச்சியா? நானு எய்தனது மொத்தமும்?"

முதல் இரண்டும் கடைசியும்தான். அவள் எழுதியது எத்தனை பதிவு என்று எனக்குத் தெரியும். எந்தக் கிழமை அதிகம் எழுதுவாள் என்பதற்குக் கிராப் வைத்திருந்தேன்.

"பட்ச்சிட்டு வா. அப்பால பேசலாம்."

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். கரண்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. அப்படிப்பட்டவள் எந்த வேலையை மிஷினிடம் கொடுத்தேன்? படிக்கிற வேலையை.

மூன்று சாயங்காலம். சுகந்தி எழுதிய எல்லாவற்றையும் அப்பாவுக்கு உரக்க வாசித்தேன். நெல் வாசனை, தூரத்தில் பஸ் ஹாரன், பீரோ மேல் பச்சை விளக்கு. எங்கள் கூடமே மெல்லக் குலுங்கிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து கம்பெனி கேட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. அப்பா சில இடங்களில் சிரித்தார். கடைசிப் பதிவு முடிந்ததும், "அந்தக் கிளிப்பு இன்னும் அங்கயே கீதாமா?" என்றார்.

எழுத வருகிறவர்களை எப்படித் தங்கவைப்பது என்று எத்தனை மீட்டிங் போட்டிருப்போம்! ஒருநாளாவது இப்படி ஒரு கேள்வி எங்களுக்குத் தோன்றியதா?

மறுநாள் காலை, மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு, தோழியை நிறுத்தினேன். மோட்டாரை நிறுத்தியாயிற்று, சித்தப்பா. இனிமேல் எங்கள் தளத்தில் புதிதாக யார் எழுதினாலும், எங்கள் மூவரில் ஒருத்தி முழுசாகப் படித்த பிறகுதான் அதன் கீழே ஒரு வரி வரும். தாமதமாகும். ஆகட்டும். அதற்குள் சிலர் மூட்டை கட்டினால்... பட்டன் அங்கேயேதான் இருக்கிறது.

பிறகு திருநெல்வேலி வீட்டுக்குப் போய், சுகந்தியின் கடைசிப் பதிவைத் திறந்து, அப்பா கேட்ட கேள்வியை அப்படியே தட்டி அனுப்பிவிட்டேன். என் சொந்தப் பெயரில்.