பரிட்சைக்கு நேர்ந்துவிட்ட பல்

கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஏறுகிறவரிடம் டிக்கெட் கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம்.

எங்கள் வண்டிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பல் வண்டி. ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியின் பஸ் அது. காலையில் எடப்பாடிப் பக்கத்து ஊர்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கல்லூரியில் இறக்குவேன். பெரிய டாக்டர்கள் பக்கத்தில் நிற்க, மாணவர்கள் காசில்லாமல் வைத்தியம் பார்ப்பார்கள். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். அதற்கு முன்னால் போர்வெல் ரிக் வண்டியோடு வட மாநிலமெல்லாம் சுற்றியவன் நான். பாறையைத் துளைக்கிற சத்தத்துக்குப் பழகிய காதுதான், ஆனால் பல்லைத் துளைக்கிற சத்தம் கேட்டால் இன்னும் வெளியே வந்துவிடுவேன். பல்வலி ராத்திரியில்தான் உச்சத்துக்குப் போகும். விடிந்தால் யாரிடம் போவது என்று தெரியாது. அந்த ராத்திரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் இதையெல்லாம் சொல்லலாம்.

உறை பிரிக்காத சேர்

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்பீர்கள். என் பாதையில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதில் பல் பிரிவும் இருக்கிறது. இருந்த டாக்டர் மாற்றலாகிப் போன பிறகு, சாய்ந்து படுக்கிற புது சேர் ஒன்று வந்து இறங்கியது. அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க இன்றுவரை ஆள் வரவில்லை. தனியார் கிளினிக்குகள் உண்டுதான். வேர் சிகிச்சை, அதற்கு மேல் தொப்பி என்று அங்கே செலவு விவரம் சொல்ல ஆரம்பித்ததுமே வலி நின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

எனக்கே ஒரு தடவை பல் வலித்தபோது அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் வண்டி ஓட்டுகிறவனுக்கே அன்றைக்குப் பார்த்து வண்டி இல்லாத நாள். அங்கே வேலை பார்க்கும் அம்மா வலி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். உறைக்குள் இருந்த சேரையே நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டு, ஏதோ தன் வீட்டில்தான் குறை என்பதைப்போலக் கூசிக்கொண்டு சொன்னார்: "எல்லாமே வந்து எறங்கிருச்சுங்க. ஒக்கார வெச்சுப் பாக்கறதுக்கு ஆளு ஒண்ணுதானுங்க பாக்கி."

பொக்கை வாய்க்கு வந்த மவுசு

காசில்லாமல் வைத்தியம் என்றால் அதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று வண்டியில் ஏறுகிற எல்லோரும் ஒரு தடவையாவது கேட்பார்கள். லாபம் உண்டு. மாணவர்கள் நிஜ ஆளின் வாயில் வேலை செய்து காட்டினால்தான் பரிட்சையில் தேறலாம். ஒருவர் பல் அடைத்துக் காட்ட வேண்டும், ஒருவர் பிடுங்கிக் காட்ட வேண்டும், ஒருவர் முழு செட் கட்டிக் காட்ட வேண்டும். ஆளை அவர்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் சொத்தைப் பல்லோடு திரிகிறவர்களும், டாக்டராகப் போகிற பிள்ளைகளும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் வண்டி ஓட்டுகிறவன் நான்.

முழு செட் கட்ட ஒரு பல்கூட இல்லாத வாய் வேண்டும். அப்படி ஒருவரைக் கூட்டிப் போனேன், பழனியப்பன் என்று பெயர். மாட்டு வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். அவர் வாயைத் திறந்ததும் மாணவர்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் டீ வாங்கி வந்தான், ஒருத்தி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "வாய் நெறையப் பல்லு இருந்தப்ப இந்த மருவாதி ஒருத்தரும் குடுக்கலீங்க."

சொல் கொடுத்த பல்

மல்லிகா தறிப்பட்டறையில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றுகிறவர். நாற்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்து, உறை பிரிக்காத சேரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கடைசியில் என் வண்டியில் ஏறினார். கல்லூரியில் அவருக்கு வைத்தியம் பார்க்க வந்தவள் ஹரிணி, கடைசி வருட மாணவி, வாழப்பாடிப் பக்கத்துப் பெண். பெயர் கேட்காமல் யாரையும் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டாள்.

அன்றைக்கே பிடுங்கியிருக்கலாம். ஆனால் ஹரிணிக்கு வந்துகொண்டிருந்தது பல் பிடுங்கிக் காட்டுகிற பரிட்சை. மல்லிகாவின் பல் அதற்கு லட்சணமான பல். பரிட்சை நாள்வரை அதை வைத்திருக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாத்திரை கொடுத்தாள். வலி கூடினாலோ வீங்கினாலோ பரிட்சையைப் பார்க்காமல் உடனே போன் செய்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. மல்லிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்: "என்ற பல்லுக்கும் ஒரு ஆளு காத்துக் கெடக்குதுன்னா வேண்டாம்னா சொல்லுவேன்? உனக்குன்னு சொல்லியாச்சு சாமி, இனி வேற ஆரு கையும் அதும் மேல படாது."

தள்ளிப்போன தேதி

பரிட்சை தள்ளிப்போனது. ஏன் என்று கல்லூரிக்குச் சொன்னார்களோ என்னவோ, ஊர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் மல்லிகாவைக் கூப்பிட்டு வெளியே வரவழைத்தால், தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வருகிறார். ஒரு பக்கமாகக் கஞ்சி குடித்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயே ஹரிணிக்குப் போன் போட்டு, துண்டு கட்டியிருக்கிற சேதியைச் சொன்னேன். "அக்காகிட்ட குடுங்க அண்ணா" என்றாள். பரிட்சை கிடக்கட்டும், இன்றைக்கே வாருங்கள் என்று அவள் கெஞ்சுவது எனக்கே கேட்டது. மல்லிகா துண்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, "வலியே இல்ல கண்ணு, அண்ணன் சும்மா பெருசு பண்றாரு" என்று சிரித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை எங்கள் பக்கம் யாரும் தொட மாட்டார்கள். அந்தப் பல்லும் அப்படித்தான் ஆகிப்போயிருந்தது. "அம்மணி, வண்டியில ஏறுங்க, அந்தப் பொண்ணுக்கு வேற பல்லு கெடைக்கும்" என்று சத்தம் போட்டேன். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே பதில் வந்தது: "வெத்தலை பாக்கு மாத்துன பொறவு வேற எடத்துல பொண்ணு குடுப்பாங்களாண்ணா?"

கழுத்துக்கு இறங்கியது

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், மல்லிகாவோடு வேலை செய்கிற செல்வி நடுரோட்டில் நின்று வண்டியை மறித்தார். மல்லிகாவுக்குப் பேச்சு வரவில்லை என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன். தாடைக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வீங்கியிருந்தது. வாய் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்துகொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பல்வலியில் ஆள் செத்துப்போவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவரைக்கும் நான் சிரித்திருப்பேன்.

தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். ஹரிணிக்குப் போன் போட்டேன். "படுக்க வைக்காதீங்க அண்ணா, மூச்சு அடைக்கும். காலேஜுக்கு வேண்டாம், நேரா சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் அங்க வர்றேன்" என்றாள். வண்டி நிறைய ஆள் இருந்தது. எல்லோரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தவர்கள். இவர்களை என்ன செய்வது என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள், பின் சீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கத்தினார்: "எங்களுது பொறுக்குமுங்க, நீங்க எங்கியும் நிக்காம உடுங்க!"

வராண்டாவில்

கழுத்தைக் கீறிச் சீழை வெளியே எடுத்தார்கள். சர்க்கரை வேறு இருந்திருக்கிறது, அது மல்லிகாவுக்கே தெரியாது. பல்லையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சுக்குழல் அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிழைத்துக்கொள்வார் என்று தெரிய சில நாள் ஆயிற்று.

ஹரிணி வராண்டாவிலேயே கிடந்தாள். புத்தகம் மடியில் இருந்தது, அதை அவள் படித்து நான் பார்க்கவில்லை. பரிட்சை நெருங்கிவிட்டது, கூடப் படிக்கிறவர்கள் போன் மேல் போன் செய்து வேறு நோயாளி பிடிக்கச் சொன்னார்கள். நானும் சொன்னேன். நம் பாதையில் எந்த ஸ்டாப்பில் நிறுத்தினாலும் ஒரு பல் கிடைக்குமே, தேடித் தரட்டுமா என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்: "வேண்டாண்ணா. நான் தேடிப் பிடிச்ச பேஷன்ட்தான் உள்ள படுத்திருக்காங்க."

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள்

பரிட்சை நாளன்று வண்டி விடிகாலையிலேயே கிளம்பியது. மாணவர்கள் ஏற்பாடு செய்திருந்த நோயாளிகளை ஒவ்வொரு ஊராக ஏற்றிக்கொண்டு வந்தேன். மல்லிகாவின் ஊரில் ஏற ஆள் கிடையாது. ஹரிணி ஆள் இல்லாமல்தான் பரிட்சைக்குப் போகப் போகிறாள், ஒரு வருடம் வீணாகப் போகிறது என்று நினைத்து மனசு கசந்துபோய் அந்த ஸ்டாப்பைத் தாண்டப் பார்த்தேன். கை நீட்டி நிறுத்தினார் செல்வி. பின்னால் பட்டறைப் பெண்கள் இன்னும் மூன்று பேர். தலை சீவி, பொட்டு வைத்து, விசேஷத்துக்குப் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள். ஒருவர் தாடையில் துண்டு கட்டியிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் நால்வரும் ஆஸ்பத்திரிக்குப் போய் மல்லிகாவைப் பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் கட்டோடு, குரல் எழும்பாமல், மல்லிகா அவர்களிடம் ஒரே ஒரு காரியம்தான் கேட்டிருக்கிறார். செல்வி படியில் கால் வைத்தபடி அதை என்னிடம் சொன்னார்: "சொன்ன சொல்லு தவறிப் போச்சேன்னு அழுவுதுங்கண்ணா மல்லிகா. உங்கள்ல ஒருத்தராச்சும் போங்கன்னு கேட்டுச்சு, அதுக்கோசரம் நாங்க வாரோம். எங்க நாலு பேரு வாயையும் பாத்து, எது தோதோ அதையப் பிடுங்கிக்கச் சொல்லுங்க அந்தப் புள்ளைய."

எங்கள் பாதையில் பல் டாக்டருக்குத்தான் பஞ்சம். பரிட்சைக்குக் கொடுக்கச் சொத்தைப் பல்லுக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை.