பட்டி பூசிய தரை

வாசலில் மகன் பழைய அம்பாசடரின் துருவைச் சுரண்டி, பள்ளங்களை நிரவப் பட்டிப் பசை பூசுகிறான். அந்தக் காட்டமான வாசனை வந்தாலே எனக்கு அம்மா ஞாபகம்தான்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா வாடகைக் கார் ஓட்டினார். கல்யாண வீட்டார் பளபளப்பான காரைத்தான் கூப்பிடுவார்கள். பின்சீட்டுக்கு முன்னால் தரை துருப்பிடித்து இற்றிருந்தது. அப்பா அதை வெட்டி எடுக்காமல், சாக்கைத் திணித்துப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

"கால வைக்கவே பயமா இருக்கு" என்றாள் அம்மா.

"நீ என்ன டான்ஸா ஆடப்போற? சும்மா உக்காந்து வா" என்று அப்பா சிரித்தார்.

தேவதானம் போகிற வழியில் கார் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் தரை பிய்ந்தது. அம்மாவின் சேலை ஓட்டை வழியே போய், அடியில் சுற்றும் தண்டில் சிக்கி அவளை இழுத்தது. அவள் கையை நான் பிடித்திருந்தேன். கார் நின்றபோது அந்தக் கை என்னைப் பிடிக்கவில்லை.

"பட்டி காஞ்சதும் பெயிண்ட்டும்மா. பொறவு பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போவோம்" என்றான் மகன்.

அவனை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காருக்குள் அவன் பட்டி பூசியிருந்த தரையில் குத்தினேன். பிடிவரை இறங்கியது.

"என்னம்மா, ஓட்டையப் போட்டுட்டீகளே!"

"நான் போடலய்யா. முன்னமே இருந்துச்சு. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வையி."

அடுத்த இடத்திலும் குத்தினேன்.