பேட்டரி இறங்கிய காலைகள்

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் அவர். அத்தனை வருஷத்தில் தன் பேரில் ஒரு புகார்கூட கிடையாது என்பதை, பழக்கமான ஐந்தாவது நிமிஷத்திலேயே சொல்லிவிடுவார். வண்டியில் கீறல் விழுந்தால் எதிரே வந்தவன் செய்தது. தாமதமானால் சிக்னலின் குற்றம். டிப்போவில் அவருக்கு 'கறார்' என்று பெயர். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும், கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கினார். அவரும் மனைவியும் அதிலேயே குடியிருந்து, தோன்றும்போது தோன்றிய பக்கம் போவதாக ஏற்பாடு. மனைவி நூலகத்தில் வேலை பார்த்தவள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட அடுக்கு மாற்றி வைத்ததில்லை. குடி புகுந்த முதல் வாரமே கட்டில் பக்கத்துச் சுவரில் நீளமான திருகாணி ஒன்றை முடுக்கி ஒரு கொக்கி மாட்டினார் கறார். குளிர் வந்தால் பகலெல்லாம் போட்டுக்கொண்டிருக்கும் கனத்த டிரைவர் கோட்டுக்கு ராத்திரியில் அதுதான் இடம்.

குளிர்காலம் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. காலையில் எழுந்தால் விளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது. விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் என்று தனியாக இருந்த பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும்.

"நேத்து விளக்கை அணைச்சியா?"

"அணைச்சேனே."

"அணைச்சிருந்தா பேட்டரி எங்க போச்சு? நடந்தா போச்சு?"

முதலில் அவள் சண்டை போட்டாள். பிறகு யோசிக்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தாள்: 'பத்து மணி. விளக்கு அணைத்தாயிற்று. பம்ப் அணைத்தாயிற்று.' மறுநாள் காலையிலும் பேட்டரி இறங்கியிருந்தது. கறார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எழுதறதை ஒழுங்கா எழுதிட்ட. அணைக்கறதைத்தான் மறந்துட்ட!" குளிர்காலத்துக்கு அவர்களைப் போன்றவர்கள் வீட்டு வண்டிகளை நிறுத்தியிருந்த மைதானம் முழுக்க அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அவள் தானாகவே டாக்டரிடம் போனாள். வயசுக்கு ஏற்ற ஞாபகம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கறார் விடவில்லை. "ராத்திரி அவரா வந்து பார்த்தாரு?"

அதற்குப் பிறகு அவள் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். அணைத்த அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது பார்க்கப் போனவள், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மகள் குழந்தையை நீட்டியபோது கையை இழுத்துக்கொண்டாள். "வேணாம்மா, நீயே வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள். மகளின் முகம் சுருங்கியது. கறார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் குளிர்காலத்தின் நடுவில், நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அவள் இறந்துபோனாள்.

மகள் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டுக் கறார் தனியாக வண்டிக்குத் திரும்பினார். மூன்றாம் நாள் காலை எழுந்து சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. "அணைச்சியா?" என்று வாய் வரை வந்துவிட்டது. கட்டிலின் மறுபாதி காலியாக இருந்தது. முந்தின ராத்திரி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தது அவர்தான்.

மைதானத்துக்கு எதிரே ஒயரிங் கடை வைத்திருந்த பெண்ணைக் கூப்பிட்டு வந்தார். நாற்பது வயசிருக்கும், வளவளவென்று பேசாதவள். பேட்டரியை சார்ஜ் ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்து, கரண்ட் ஓடுவதைக் காட்டும் மீட்டரைப் பேட்டரிக்கும் ஒயருக்கும் இடையில் கோத்தாள். முள் அசையவே இல்லை.

"கரண்ட் எதுவும் வெளிய போகலையே அண்ணே. நிஜமா எல்லாத்தையும் அணைச்சீங்களா?"

அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்றது. "அணைச்சேம்மா. சத்தியமா அணைச்சேன்."

வண்டிக்குள் புழுக்கமாக இருந்தது. கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். முள் சட்டென்று ஏறியது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. கோட்டை மாட்டினேன்."

"எடுங்க."

எடுத்தார். முள் இறங்கியது. மறுபடி மாட்டச் சொன்னாள். ஏறியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கட்டில் பக்கத்து விளக்கின் ஃபியூஸை எடுத்ததும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. சுவர்ப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினாள். அவர் முடுக்கிய திருகாணி உள்ளே போகும் ஒயரைக் குத்திக்கொண்டு நின்றது. அதன் முனைக்கும் துருப்பிடித்த இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. கோட்டின் பாரம் விழுந்தால் இரண்டும் உரசும். சுற்றிலும் பலகை கருகியிருந்தது.

"முழுசா பட்டிருந்தா ஃபியூஸ் போயி அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அரைகுறையா உரசுனதால ராத்திரி பூரா கசிஞ்சிருக்கு. தீப்பிடிக்காம இருந்ததே பெரிசு. யார் அண்ணே இதை அடிச்சது?"

"நான்தான்" என்றார் கறார். அப்படி ஒரு பதிலை அவர் வாய் சொன்னதே இல்லை.

அவள் ஒயரை வெட்டி, புதிதாக இணைத்து, பலகையை மூடிவிட்டுப் போனாள். கறார் கழுவாமல் கிடந்த பாத்திரங்களை எடுத்துத் தேய்த்தார்.

மறுநாள் மைதானத்தில் ஒவ்வொரு வண்டியாகப் போய், "பேட்டரி விஷயம்... அவ தப்பு இல்லைங்க. என் தப்பு" என்றார். சிலருக்கு என்ன விஷயமென்றே நினைவில்லை. ஒருவர், "எந்த பேட்டரி சார்?" என்று கேட்டார். அவர் முழுக்கதையையும், தான் அடித்த ஜோக் உட்பட, முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மகளிடம் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"அம்மா குழந்தையைத் தூக்கலைல்ல, ஏன்னு தெரியுமாப்பா?"

"தெரியும்மா. மறதியில எங்கயாவது விட்டுடுவோமோன்னு பயந்தா. என்கிட்ட சொன்னா."

"எனக்குத் தெரியாதே. பேரப்பிள்ளை மேல ஆசையில்லைன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் போன் பண்ணலை நான். உங்களுக்குத் தெரிஞ்சும் நீங்க சொல்லலையே."

மகள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. கூடத்தில் மருமகன் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரட்டுமா என்று போன் செய்வார். சில வாரம், "வாங்கப்பா" என்பாள். பல வாரம், "இந்த வாரம் வேணாம்பா" என்பாள். ஏன் என்று அவர் கேட்பதில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டு, அரிசியைக் களைந்து ஒரு ஆளுக்கு உலை வைப்பார்.