நக்கலக்காவின் உதட்டோரம்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நக்கலக்கா என்றால்தான் திரும்புவாள். படுக்கை விரிப்பில் காபிக் கறையைக் கண்டால், "ஆகா, என்னமா படம் வரைஞ்சிருக்காங்க, மாட்டி வைக்கலாம்" என்பாள். புது மெஷின் வரப்போகிறது என்று பேச்சு வந்தால், "வந்துரும், என் பேத்தி கல்யாணத்துக்குள்ள" என்பாள். அவளுக்கு மகனே பள்ளிக்கூடம்தான் போய்க்கொண்டிருந்தான்.

இது பிறவிக் குணம் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வெள்ளந்தி. "நீ உக்காரும்மா, வேலைக்குத்தான் நான் ஒருத்தி இருக்கேன்ல" என்று மாமியார் சொன்னபோது, எவ்வளவு நல்ல மனசு என்று நம்பி நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கதை சொந்தபந்தம் முழுக்கச் சுற்றியது, அவளால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. எனக்கு அந்த மாமியார் மேல்தான் இன்னும் கோபம். அந்த வீட்டில் பாராட்டினால் திட்டு என்று அர்த்தம். பிழைக்க வேண்டுமே, கற்றுக்கொண்டாள். மாமியாருக்கே வாயடைத்துப் போகும் அளவுக்குக் கற்றுக்கொண்டாள். கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தாலே இடது உதட்டோரம் லேசாக மேலே போகும். ஒருமுறை கடுங்காய்ச்சலில் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டதற்குக் கணவர் சிரித்தாராம்.

சலவைப் பிரிவில் அவள் வேலை ஜன்னலோரம். எதிரில் அவளுடைய ஜோடிக்காரி நிற்பாள். இருவரும் விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து மடித்து, மறுபடி விலகிப்போவார்கள். நெருங்கும்போதெல்லாம் ஒரு நக்கல், ஒரு சிரிப்பு. நக்கலக்காவுக்கு மூச்சிழுப்பு உண்டு. அந்த ஜன்னல் காற்றில்தான் அவள் பொழுது ஓடியது.

கீழ்த்தளத்தில் டிரையர் அறை. ஜன்னல் கிடையாது. வெந்த துணியின் புழுக்கமும் பஞ்சுத் தூசியும்தான். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றதும், புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார்: "கீழ போக யாருக்காவது விருப்பம் இருக்கா?"

நக்கலக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"நான் போறேன் சார். எனக்கு வெந்து சாகணும்னு ரொம்ப நாள் ஆசை."

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அவர் நல்ல பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஜாதி. 'வெந்து சாகணும்' என்பதை ஏதோ தமாஷ் என்றும், 'போறேன்' என்பதை மட்டும் நிஜம் என்றும் எடுத்துக்கொண்டார். "ரொம்ப நன்றிக்கா, இந்த மனசு யாருக்கு வரும்" என்றார்.

நக்கலக்காவுக்குக் குஷி தாங்கவில்லை. பரவாயில்லையே, நம்ம ஆளுதான், பதிலுக்குப் பதில் கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள். "எல்லாம் உங்க புண்ணியம் சார்" என்று கும்பிடும் போட்டாள். அடுத்த வாரம் டிரையர் அறைக்கு நேராக அவள் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

முதலில் வீம்பு. நாமே வாய்விட்டு மாட்டிக்கொண்டதை எப்படிப் போய்ச் சொல்வது? நாளாக ஆக இழுப்பு அதிகமானது. படியேறி மேலே வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முடியலடி, நெஞ்சு அடைக்குது" என்றால், "ஏசி ரூம்ல இருந்துட்டு அலுத்துக்கிறியே" என்று எல்லாரும் சிரித்தார்கள். வீட்டிலும் அதே கதைதான்.

ஜோடிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த முகத்தை ஒரு விரிப்பு தூரத்தில் வருஷக்கணக்காகப் பார்த்தவள். நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், அந்தக்கா கீழ போறேன்னு சொன்னது நக்கலுக்கு. அது எப்பவுமே தலைகீழாத்தான் பேசும். போறேன்னா போகமாட்டேன்னு அர்த்தம்."

"அய்யோ, எனக்குத் தெரியாதேக்கா! எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"உதட்டோரம் மேல போச்சுன்னா நக்கல் சார்."

பாவம், நல்லது செய்யத்தான் போனாள்.

சூப்பர்வைசர் அன்றைக்கே கீழே இறங்கினார். நக்கலக்கா டிரையரிலிருந்து துணியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. இங்க இருக்க முடியுதா?"

எத்தனை வருஷத்துக்குப் பிறகோ ஒருவர் அவளிடம் நேராகக் கேட்கிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பேசிய மாதிரியே, கள்ளமில்லாமல் சொன்னாள்.

"முடியல சார். மூச்சு முட்டுது. என்னை மேலயே அனுப்பிருங்க."

உதட்டோரம் மேலே போனது.

சூப்பர்வைசர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! நான் பயந்தே போயிட்டேன்க்கா. இப்பதான் உங்க பேச்சு எனக்குப் பிடிபடுது."

"சார், சத்தியமா சார்..."

"புரியுதுக்கா, புரியுது!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நக்கலக்கா அவசர அவசரமாக யோசித்தாள். எல்லாம் இந்த உதட்டால் வந்த வினை என்று அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, போதாததற்குத் தலைகீழாகவும் சொல்லிப் பார்த்தாள். "இங்க சொர்க்கமா இருக்கு சார். சாகுற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

கை மறைத்திருந்ததால் உதட்டோரம் அவர் கண்ணில் படவில்லை.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். போகும்போது, வெப்பம் வெளியே போகாமல் இருக்கட்டும் என்று கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனார்.