நாதஸ்வரத்தோடு வந்த அணுக்கள்

போன வாரம் செஞ்சி பஜாரில், ஒரு வீடியோ கடையின் பின்னறையில் உட்கார்ந்து அணுக்களைப் பார்த்தேன். ஆமாம், அணுக்கள்தான்... நாதஸ்வரத்தோடு!

என் அக்கா மகள் அமுதா மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவி. கம்ப்யூட்டருக்குள் கணக்காலேயே ஒரு டப்பா செய்து, அதில் வாயு அணுக்களை விட்டு, மெல்லச் சூட்டைக் குறைப்பது அவள் வேலை. எது எங்கே நகர்கிறது, எப்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரவமாகிறது என்று பார்க்க வேண்டும். கணக்கின் ஒவ்வோர் அடியிலும் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடம் ஃபிளாப்பியில் பதிந்துகொண்டே போகும். எல்லாம் பதிந்த பிறகு வேகமாக ஓட்டினால் — படம்! பச்சைப் புள்ளிகள் தூக்கத்தில் நடப்பது போல, அவசரமே இல்லாமல் மிதந்து போகும். மெட்ராஸுக்குப் போய் முதல் முறை பார்த்தபோது வந்த வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

வந்த வேலை? அக்கா புருஷன் அனுப்பிய தூது. செஞ்சிப் பக்கம் சிங்கவரத்தில் வேர்க்கடலை — அவர் பேச்சில் மல்லாட்டை — போடுகிறவர். அவலூர்பேட்டையிலிருந்து மகளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. அமுதாவோ படிப்பை முடிக்க இன்னும் இரண்டு வருஷம் கேட்கிறாள்.

"மூணு வருஷமா அங்க இன்னாதான் பண்றா? கண்ணால காட்டச் சொல்லு. பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றுவிட்டார். மெட்ராஸுக்கு வாங்களேன் என்றால், "மல்லாட்ட புடுங்கற நேரத்துல எங்க வர்றது?"

ஃபிளாப்பியைச் செஞ்சிக்குக் கொண்டுபோய் எதில் போடுவது? ஆனால் அங்கே வீடியோ டெக் இருக்கிறதே! அணுக்களை வீடியோ கேசட்டில் ஏற்றிவிட்டால்...?

செஞ்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் பஷீர் பாய், ஒரு முகூர்த்தத்துக்காக மெட்ராஸ் வந்திருந்தார். அமுதாவிடம் கையோடு இழுத்துப்போனேன். கேமராவைத் தோளில் ஏற்றி, கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி — "இதுல பொண்ணு யாரு தங்கச்சி?"

கல்யாண வீடியோவில் பெண் எங்கே போனாலும் கேமரா பின்னாலேயே போக வேண்டுமாம். அது தொழில் விதி! அமுதா சிரித்துக்கொண்டே ஓர் அணுவைத் தேர்ந்தெடுத்து, அது போகும் வழியெல்லாம் கோடு விழும்படி செய்தாள். பாய்க்குத் திருப்தி. ஊருக்குப் போய் நாதஸ்வரமும் சேர்த்துவிட்டார். வெறுமனே ஓடினால் யார் பார்ப்பார்கள்?

அதைத்தான் போன வாரம் அக்கா புருஷன், அமுதா, நான் மூவருக்கும் தன் கடையில் போட்டுக் காட்டினார். கடைவாசலுக்கு அப்பால் ராஜகிரி மலைக்கோட்டை வெயிலில் மங்கிக் கிடந்தது. உள்ளே, நாதஸ்வரம் இழைய இழைய, புள்ளிகள் மிதந்தன. திரையைப் படம் பிடித்ததால் ஒரு கறுப்புப் பட்டை அவ்வப்போது மேகம் போல நகர்ந்து போனது. எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

"இன்னாம்மா இது, பூச்சியா?" என்றார் அக்கா புருஷன்.

"அணு, நைனா. கண்ணுக்குத் தெரியாது. கணக்குலதான் தெரியும்."

"தெரியாதத எதுக்கு பாத்துக்னு இருக்கணும்?"

அமுதாவின் முகம் வாடிவிட்டது. போச்சு... தையில் கல்யாணம்தான்!

அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவில் ஒரு வழக்கம் உண்டு. வலப்பக்கம் வெளியே போகிற அணு, அடுத்த நொடி இடப்பக்கம் உள்ளே வந்துவிடும். பாய்க்கு அதை யார் சொன்னது? கேசட்டில், 'பொண்ணு' வலது ஓரத்தைத் தாண்டியதும், அன்று பாய் பிடித்த கேமராவும் கூடவே கிளம்பிவிட்டது! திரையைத் தாண்டி, சுவரில் அலைந்து, பதறித் தேடி... கடைசியில் அமுதாவின் முகத்தில் வந்து நின்றது.

கன்னத்தில் பச்சை வெளிச்சம். இமைக்காத கண்கள். யார் படம் எடுக்கிறார்கள், எவர் நிற்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், திரையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா பூடுச்சி தங்கச்சி... கைப்பழக்கம்" என்று பாய் அவசரமாக எழுந்தார்.

"இரு பாய். அத்த கொஞ்சம் பின்னால ஓட்டு" என்றார் அக்கா புருஷன்.

மறுபடி பார்த்தார். அப்புறம் இன்னொரு முறை.

"பத்தாவது பாஸானப்பகூட இவ இப்பிடி சிரிச்சி நான் பாக்கல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாமெல்லாம் நம் வேலையை வீட்டில் எவ்வளவு விளக்குகிறோம்! புரிகிறதா? வேலை செய்யும்போது நம் முகத்தை வீட்டில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

"அவலூர்பேட்டைக்கு நானே போயி சொல்லிக்கிறேன். நீ படிச்சி முடி" என்றார் மகளிடம்.

பாய் மெல்ல இழுத்தார். "அண்ணே... கல்யாண ஆர்டர் எனக்குன்னு இருந்தேனே..."

"ரெண்டு வருஷம் பொறு பாய். அன்னிக்கும் இதே மாதிரி சிரிக்கிறாளான்னு பாத்து எடு."

வரப்போகிற மாப்பிள்ளையை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது!