ஷெட்டுக்குள் நாலு பக்கமும் மணி

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கும்மிடிப்பூண்டியில் இந்த இரும்பு ஷெட்டை எழுப்பியவனும் நான்தான். தூணுக்குக் குழி தோண்டியதிலிருந்து கிரேனுக்குத் தண்டவாளம் பூட்டியதுவரை என் கண் படாமல் ஒரு போல்ட்டைக்கூட யாரும் முறுக்கியதில்லை. கண்ணைக் கட்டி உள்ளே விட்டால்கூட எது எங்கே நகர்கிறது என்று காதாலேயே சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

அந்த ஆயுத பூஜைக்குப் பக்கத்து ஷெட்காரர்கள் வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்து அலறவிட்டார்கள். நான் பொன்னேரி சவுண்ட் செட்காரரைக் கூப்பிட்டு நாலு மூலையிலும் உத்திரத்தில் பெட்டி ஏற்றினேன். நாதஸ்வரம், தவில், நடுநடுவே கோயில் மணி. முடிகிற இடம் தெரியாமல் அதே துண்டு மறுபடி மறுபடி ஓடும்படி ஒட்டிக் கொடுத்தார். நடுவில் நின்று கேட்டேன். தகரச் சுவர்கள் பின்னால் நகர்ந்து போய், என் ஷெட் பெரிய கோயில் மண்டபம்போல் விரிந்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன்.

பூஜை முடிந்தும் கழற்ற மனசு வரவில்லை. வேலை நேரத்திலும் ஓடட்டும் என்றேன். மூன்றாம் நாள் என் மச்சான் வந்தான். கிரேன் இறக்கும் தகடுகளுக்கு அடியில் கட்டை வைப்பது அவன் வேலை.

"மாமா, பாட்ட நிறுத்துங்க. கிரேன் எந்தப் பக்கம் வருதுன்னே தெரில."

"உனக்குக் காது மந்தம்டா."

"காது நல்லாத்தான் கீது. எல்லாப் பக்கமும் மணி அடிச்சா நான் எந்தப் பக்கம் ஒதுங்கறது?"

கிரேன் நகரும்போதெல்லாம் அதன் மணி அடிக்கும். குனிந்திருப்பவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மணி வரும் திசையைக் கேட்டு மறுபக்கம் ஒதுங்குவான். எங்கள் ஷெட்டில் அதுதான் பழக்கம். இது தெரிந்தும் நான் சிரித்தேன். "ரெண்டு நாள்ல பழகிடும், போ."

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வாசலோரம் மெயின் சுவிட்சுப் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். மணி கேட்டது. பாட்டு என்று நினைத்தேன். பிறகு கிரேன்தான், மேற்குக் கோடியில் போகிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கிழக்கிலிருந்து தகட்டுக் கட்டு இடுப்பளவு உயரத்தில் வந்துகொண்டிருந்தது. கிரேன் ஓட்டுபவர் ரிமோட்டோடு அதற்குப் பின்னால் நடந்து வந்தார். கட்டு மறைத்ததால் முன்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. அதன் வழியிலேயே என் மச்சான், முதுகு காட்டிக் குனிந்திருந்தான்.

"டேய், ஒதுங்குடா!"

அவனுக்குக் கேட்டது. ஆனால் நிமிர்ந்து, மணி அடித்த எதிர்மூலைப் பெட்டியைப் பார்த்தான். அந்தப் பக்கம்தான் ஆபத்து என்று எண்ணி, பின்னால் ஓர் அடி வைத்தான். தொங்கி வரும் தகடுகளை நோக்கி. இன்னொரு அடி.

டம்ளரைப் போட்டுவிட்டு மெயின் சுவிட்சை இழுத்தேன். பாட்டு நின்றது. விளக்கு அணைந்தது. கிரேனும் பிரேக் பிடித்து நின்றது. தொங்கிய கட்டு மட்டும் நிற்காமல் முன்னால் ஆடியது. சங்கிலி கிறீச்சிட்டது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இடப்பக்கம் தாவினான். அவன் நின்ற இடத்தின்மேல் தகட்டின் முனை போய்த் திரும்பியது.

அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். என் கை இன்னும் சுவிட்சின்மேல் இருந்தது.

"மண்டபம் நல்லாகீதா மாமா?"

"உங்க அக்காகிட்ட சொல்லாதடா."

"சொல்லமாட்டேன். ஆனா பெட்டிய நீங்களே ஏறிக் கழட்டணும்."

ஆட்கள் இருந்தார்கள். யாரையும் கூப்பிடவில்லை. இந்த வயதில் ஏணியை நாலு மூலைக்கும் நானே தூக்கிப் போட்டு ஏறினேன். கடைசிப் பெட்டி இறங்கும்வரை அவன் கட்டை வைக்கும் வேலைக்குப் போகவில்லை. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.